நடுவில் போடுகிற மேசை

டேப் கிடைக்கவில்லை.
துப்பட்டாவில் இரண்டு முடிச்சுப் போட்டு
அளவெடுத்துக்கொண்டு போனேன்.
சோபாவுக்கும் பீரோவுக்கும் இடையே
அந்த முடிச்சுகளுக்குள் அடங்கும் எதுவும்
எங்களுடையதாகலாம்.

மண்ணடியில் ஜெயிலானி கடை.
கடை என்றால்,
மாடிப்படிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றேறிய நாற்காலிகள்,
அவற்றுக்குப் பின்னால்
இன்னொரு கடை அளவுக்கு இருட்டு.
நான் தொட்டதையெல்லாம்
"வெள்ளக்காரன் காலத்து ஐட்டம்மா" என்றார்.
பிளாஸ்டிக் ஸ்டூலைத் தொட்டேன்.
அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

சிங்கப் பாதங்களோடு ஒரு ரோஸ்வுட்.
அது எங்கள் ஹாலில் நின்றால்
நாங்கள் வராண்டாவில் நிற்கவேண்டும்.
பளிங்குத் தட்டு வைத்த ஒன்று.
தூக்க நாலு பேர் வேண்டும்,
எங்களுக்கோ மூன்றாவது மாடி,
லிஃப்ட் என்று எழுதிவைத்த ஒரு பள்ளம்.
கண்ணாடி பதித்ததை எபனேசர் தடவிப் பார்த்தான்.
"ஜெரால்டு வீட்டுக்குள்ளதான் பௌலிங் போடுறான்,
ஞாபகம் இருக்கா?"
கையை எடுத்துக்கொண்டான்.

அப்புறம் அது.
குப்புறக் கிடந்தது, நாலு காலும் கூரையைப் பார்க்க.
பழைய சாமானுக்கு முகத்தைவிட வயிறுதான் உண்மை பேசும்.
வார்னிஷ் படாத அடிப்பக்கம்
கருவாட்டு நிறத்தில் காய்ந்திருந்தது. தேக்குதான்.
ஆணி இல்லை, மரமுளை.
மூன்று கால்கள் ஒரே கடைசலில் பிறந்தவை.
நாலாவது பிறகு வந்து சேர்ந்தது,
பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியதுபோல்
ஒரு வளைவை விட்டுவிட்டது.

நிமிர்த்தினோம்.
தட்டைச் சுற்றிலும் விரலளவு உயரத்துக்கு ஒரு விளிம்பு,
மேலே பித்தளைப் பட்டை.
"இது எதுக்கு பாய்?"
"கப்பல் மேசைம்மா. கேப்டன் ரூமுல கெடந்தது.
அலை ஆட்டுனா தட்டு கீழ உழக்கூடாது பாரு."
அன்று அவர் சொன்னதில் நான் நம்பியது
இது ஒன்றைத்தான்,
இதிலும் பாதி.
நாலாவது காலைக் காட்டி
ஆயிரத்து இருநூறு குறைத்தேன்.

மீன்பாடி வண்டியில் ஏற்றினோம்.
கயிறு போதாமல் எபனேசரே மேசைமேல் உட்கார்ந்தான்,
கால் தொங்கப் போட்டு.
கல்மண்டபம் சிக்னலில் ஐஸ் பெட்டி லாரிக்காரன்
சல்யூட் அடித்தான்.
கேப்டன் கையசைத்தார்.

மேலே என்ன வைப்பது?
நாலாவது மாடி கோட்டீஸ்வரி
லேஸ் விரிப்பும் பிளாஸ்டிக் ரோஜாவும் கொண்டுவந்தாள்.
மரத்தை மூட மனசில்லை.
டம்ளர் வைத்த பழைய வட்டங்கள் ஏழு இருக்கின்றன,
ஒன்றையும் தேய்க்கவில்லை.
ஒரு பித்தளைச் சொம்பு,
ரயில்வே சுவரோரம் ஒடித்த பூவரசங்கிளை.
அவ்வளவுதான், இனி யாரும் எதுவும் வைக்கக்கூடாது
என்று சொன்னது திங்கட்கிழமை.
வியாழனுக்குள்
கேஸ் புத்தகம், சுகர் மாத்திரை,
மெர்லினின் காம்பஸ், ஒற்றைக் கம்மல்,
யாருடையது என்று தெரியாத ஒரு சாவி.
விளிம்பு இருப்பதால் எதுவும் உருண்டு தொலையவில்லை.
விளிம்பு இருப்பதாலேயே
எதையும் யாரும் எடுப்பதில்லை.

பத்து மணிக்கு அது சுவரோரம் போய்விடும்.
நடு என்பது எங்கள் வீட்டில் பகலுக்கு மட்டும்.
இரவில் அங்கே மூன்று பாய்கள்.
எபனேசருக்கு ஹார்பரில் நைட் ஷிஃப்ட்.

இரண்டு மணி இருக்கும்.
கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போயின.
ஜன்னல் கம்பி முனகியது,
தரை என் முதுகுக்குள் நடுங்கியது.
இருட்டில் தண்ணி டம்ளர்
மேசைமேல் மெல்ல மெல்ல நகர்ந்து
பித்தளையில் ணங்கென்று முட்டி நின்றது.
ஒரு சொட்டு சிந்தவில்லை.

பாய், மீதிப் பாதியும் நம்பிட்டேன்.

விடிந்ததும் அதை நடுவுக்கு இழுத்தேன்.
நாலாவது கால் மட்டும் தரையைக் கீறியது.
தீப்பெட்டி அட்டையை மடித்து
அடியில் கொடுத்தேன்.